எந்தத் திகதியில் நினைவுகூருவது? வன்னியிலிருந்து சில கேள்விகள், பதில்கள்

பாடசாலைப் பலகைக்கும் வீட்டுத் திவசத்துக்கும் நாள் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் தரும் பதில்கள்.

ஒட்டுசுட்டான் மாணவன்: ரீச்சர், வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நினைவு நாள் ஓகஸ்ட் 25 என்கிறார்கள், ஒக்டோபர் 31 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டுமே 1803ஆம் ஆண்டு நாட்கள்தான் தம்பி. நடந்தவைதான் வேறு. ஓகஸ்ட் 25 அவர் முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிப் பிடித்த நாள். ஒக்டோபர் 31 கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்ற நாள். அங்கே ஆங்கிலேயர் நாட்டிய கல்லில் இருந்த வாசகம், டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றுதான் சொன்னது. கொன்றார் என்று சொல்லவில்லை. கொன்றிருந்தால் அதை எழுதாமல் விட்டிருப்பார்களா? அவர் அதன் பிறகும் வாழ்ந்து 1811இல் பனங்காமத்தில் இறந்தார் என்று சொல்வோரும் உண்டு. ஆகவே ஒக்டோபர் 31க்கு நேரே ‘இறந்த நாள்’ என்று பலகையில் எழுதாதே. எனக்குப் பிடித்தது ஓகஸ்ட் 25. தோற்ற நாளுக்கு ஆங்கிலேயரே கல் வைத்துவிட்டார்கள், வென்ற நாளை நாங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முள்ளியவளை, ஒரு தாய்: கனடாவிலிருக்கும் மகள் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வர லீவு கேட்கவேண்டுமாம். திகதி ஏன் வருடாவருடம் மாறுகிறது?

வைகாசிப் பூரணையை ஒட்டி வரும் திங்கட்கிழமையில் பொங்கல். மாதம் சூரியனைப் பார்த்து, பூரணை சந்திரனைப் பார்த்து, அதற்கு மேல் கிழமையும் பொருந்தவேண்டும். மூன்றும் சேரும் நாள் ஆங்கிலக் கலண்டரில் ஒரே இடத்தில் நிற்காது அக்கா. மடு மாதாவின் ஆவணித் திருவிழா என்றால் ஓகஸ்ட் 15, அது அசையாது. கோயில் அறிவித்த பிறகே மகளை ரிக்கற் போடச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு கிழமை முன்னதாக வரட்டும். பொங்கலுக்காகச் சிலாவத்தையில் எடுத்த கடல்நீரில் உங்கள் ஊர்க் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிவதையும் அவள் பார்க்க வேண்டாமா?

முல்லைத்தீவு, ஒரு அண்ணன்: தங்கச்சி சுனாமியில் போனவள். டிசெம்பர் 26இலேயே திவசம் செய்யலாமா?

2004 டிசெம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறை நாளும்கூட. அதனால் அவளுடைய திதி மார்கழிப் பூரணை. அது ஒரு வருடம் டிசெம்பரில் வரும், இன்னொரு வருடம் ஜனவரிக்குத் தள்ளிப்போகும். திவசத்தை அந்தத் திதியில் செய்யுங்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ஒரு நாள் வித்தியாசம் காட்டினால், உங்கள் கோயில் ஐயர் பார்க்கும் பஞ்சாங்கத்தையே பின்பற்றுங்கள். ஆனால் 26ஆம் திகதியையும் விட்டுவிடாதீர்கள். காலை 9.25இலிருந்து 9.27 வரை நாடே மௌனமாக நிற்கிறது. அந்தத் திகதியில் அழ உங்களுக்கு அயலவர்களும் துணையிருப்பார்கள்.

விசுவமடு, ஒரு பெண்: அப்பா 2009இல் எந்த நாளில் இறந்தார் என்றே தெரியாது. என்ன செய்வது?

பிள்ளை, நாள் தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. தகப்பனை இழந்தவர்கள் எல்லோருக்கும் ஆடி அமாவாசை உண்டு, தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பூரணை. உன்னைப் போன்ற பல குடும்பங்கள், இறுதிப்போரில் இறந்தவர்களை நினைக்கும் மே 18ஐயே தங்கள் வீட்டு நாளாக வைத்து, முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கின்றன. அதுவும் முறையான நினைவுதான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை திரும்பி வருவான் என்று காத்திருக்கும் தாயிடம் போய், ‘ஒரு நாளைக் குறித்துத் திவசம் செய்’ என்று யாரும் சொல்லக்கூடாது. அவர்களுக்கென்று இருப்பது 2017 பெப்ரவரி 20, கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் அவர்கள் போராட உட்கார்ந்த நாள்.

வவுனியா மாணவி: பாரதியார் மறைந்தது செப்டெம்பர் 11ஆ, 12ஆ?

1921 செப்டெம்பர் 11ஆம் திகதி இரவு, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல் உயிர் பிரிந்தது. கடிகாரப்படி 12. விடியும்வரை பழைய நாள்தான் என்று எண்ணும் நம் வழக்கப்படி 11. பரீட்சையில் உன் புத்தகத்தில் இருப்பதை எழுது, காரணத்தை மனதில் வை. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை 1981 மே 31 என்றும் ஜூன் 1 என்றும் எழுதுவதற்கும் அந்த நள்ளிரவுதான் காரணம்.

மாங்குளம், ஒரு கடைக்காரர்: தைப்பொங்கல் ஏன் சில வருடம் 14, சில வருடம் 15?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 2015இல் பாப்பரசர் மடுவுக்கு வந்தது ஜனவரி 14, மறுநாள் பொங்கல். விவேகானந்தர் பிறந்தது ஒரு மகர சங்கராந்தியன்று. அந்தத் திகதி 1863 ஜனவரி 12! நம் தமிழ் ஆண்டு நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கப்படுவது. பருவங்களை வைத்துக் கணிக்கும் ஆங்கில ஆண்டைவிட அது சுமார் 20 நிமிடம் நீளம். அது சேர்ந்து சேர்ந்து ஏறக்குறைய 70 வருடத்தில் ஒரு நாளாகிவிடும். 14க்கும் 15க்கும் இடையிலான ஆட்டம், சூரியன் மகரத்தில் நுழையும் நேரத்தைப் பொறுத்தது. ஒன்று கேளுங்கள் தம்பி, 1897 ஜனவரியில் விவேகானந்தர் அனுராதபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் போனது உங்கள் வன்னிக் காட்டு வழியேதான். வவுனியாவில் வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள், ஆனையிறவிலும் வரவேற்றார்கள். பிறந்த நாளை மட்டும் கொண்டாடுகிறோம், இந்தப் பயணத்தையும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

கிளிநொச்சி இளைஞர்: யாழ்தேவி றெயிலின் பிறந்தநாள்?

1956 ஏப்ரல் 23. போருக்குப் பிறகு உங்கள் ஊருக்கு றெயில் திரும்பி வந்தது 2013 செப்டெம்பர் 14, யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13. கிளிநொச்சியில் கொண்டாடுவதென்றால் செப்டெம்பர் 14ஐக் கொண்டாடுங்கள்.

அதே இளைஞர்: இளையராஜாவுக்கு ஜூன் 2ஆ, 3ஆ?

பிறந்தது 3. கலைஞர் கருணாநிதி பிறந்ததும் ஜூன் 3 என்பதால், அவருக்காக அந்த நாளை விட்டுக்கொடுத்து 2ஆம் திகதி கொண்டாடுகிறார். இசை நிகழ்ச்சி வைப்பதென்றால் அவர் தெரிந்தெடுத்த நாளிலேயே வையுங்கள்.