ஐந்து பேர், மூன்று வாரம், ஒரே பை

தம்பி, கிளிநொச்சியிலிருந்து ஐந்து பேர் ஓகஸ்டில் மூன்று வாரம் பஸ்ஸிலேயே சுற்றப் போகிறோம், ஆளாளுக்கு இரண்டு பை கட்டி நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆளுக்கு ஒரு பைதான், மடியில் வைக்கிற அளவில். நம்முடைய பஸ்களில் அதற்கு மேல் வைக்க இடமில்லை. கட்டிய பையோடு எல்லோரையும் பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில் இரண்டு மணித்தியாலம் நடக்க விடுங்கள், யார் எதைக் குறைக்க வேண்டும் என்று அவரவர் தோளே சொல்லிவிடும்.

ஜீன்ஸ் ஒன்று போதும். சாரம், மெல்லிய துவாய், தடித்த ஒரு ஜக்கெட். வன்னி வெயிலில் நின்று கொண்டு அந்த ஜக்கெட் எதற்கு என்பார்கள், நுவரெலியாவில் இரவு பஸ்ஸால் இறங்கினால் தெரியும்.

ஓகஸ்டில் கிழக்கு காய்ந்திருக்கும், மலைநாட்டின் மேற்குப் பக்கம் மழை பெய்யும். ஆகவே வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று இறங்கி, மொனராகலை வழியாக எல்லவுக்கு ஏறி, கண்டியால் ஏ9 வீதியில் திரும்புங்கள்.

காசுதான் சண்டைக்கு வழி. பொதுக்காசை ஒருவர் வைத்திருக்க, இன்னொருவர் கொப்பியில் எழுதட்டும், அதுவும் அன்றன்றே. சில்லறை நோட்டு நிறைய வேண்டும். சிங்களம் தெரிந்தவர் முன்னால் ஏறட்டும். அடையாள அட்டை, ஜீவனிப் பக்கெட் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள்), பரசிட்டமோல் ஆளாளுக்குத் தனித்தனியாக. டயலொக், மொபிட்டல் சிம் இரண்டும் குழுவில் இருக்கட்டும்.

கூடாரம் கொண்டு போவதாக இருந்தால் காட்டோரம் அடிக்காதீர்கள், யானை வரும். தெரிந்த வீடு, கோயில் மடம் இருந்தால் முதலே கேட்டு வையுங்கள்.