வார்ட்பர்க் கோட்டை உண்மையிலேயே பழையதா, பிற்காலத்தில் கட்டியதா?

இரண்டும் கலந்ததுதான். ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில், ஐசனாக் நகருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் நிற்கிறது இந்தக் கோட்டை. 1067-இல் லுட்விக் என்ற பிரபு தொடங்கியதாக மரபுக்கதை சொல்கிறது.

அசல் பழமையைப் பார்க்க வேண்டுமென்றால் நேராக 'பாலாஸ்' மாளிகைக்குப் போங்கள். 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். முற்றத்துப் பக்கம் வரிசையாக அரைவட்ட வளைவுகள், அவற்றைத் தாங்கும் மெல்லிய தூண்கள், தலைப்பகுதியில் நுணுக்கமான சிற்பங்கள். என்னைக் கேட்டால், இந்தக் கோட்டையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

ஆனால் தூரத்திலிருந்தே தெரியும் அந்தப் பெரிய கோபுரம் 1850-களில் எழும்பியது. சிதிலமாகிக் கிடந்த கோட்டையைக் கட்டடக்கலைஞர் ஹூகோ ஃபான் ரிட்கன் அப்போது புதுப்பித்தார். பாலாஸின் உள்ளே மின்னும் மொசைக் அலங்காரம் இன்னும் பிந்தியது, 1902-06.

அப்புறம், கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் அறை. 1521-22-இல் வேறு பெயரில் இங்கே மறைந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். சாத்தான் மீது அவர் மைக்கூட்டை எறிந்த கறை என்று நம்பி, பார்வையாளர்கள் சுவரின் காரையையே சுரண்டி எடுத்துப் போய்விட்டார்கள். 1999-இல் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.