மிடில்வேர் சர்வர் டியூனிங்: ஹீப்பில் கை வைக்கும் முன்

கேள்வி (லாஸ்பேட்டை): சார், 16 ஜிபி ரேம் மெஷின். எக்ஸ்எம்எக்ஸ், அதாவது ஜாவா ஆப்ஜெக்ட் வைக்கிற ஹீப் மெமரியின் உச்சவரம்பு, 14 ஜிபி கொடுத்திருக்கோம். ஜாவா ப்ராசஸ் திடீர்னு காணாமப் போகுது. லாக்ல ஒரு வரி இல்ல.

பதில்: லாக் காலியாக இருப்பதே துப்பு. மெமரி தீர்ந்ததும் ப்ராசஸைக் கொன்றது கர்னல், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையம். கர்னல் செய்திகளைக் காட்டும் டி-மெசேஜ் கமாண்டை ஓட்டுங்கள், 'அவுட் ஆஃப் மெமரி' வரி இருக்கும். மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்களுக்கான இடம்), த்ரெட்டுக்கு 1 எம்பி வரை ஸ்டாக், டைரக்ட் பஃபர் எல்லாம் ஹீப்புக்கு வெளியே மெமரி எடுக்கும். எக்ஸ்எம்எக்ஸை 8 முதல் 10 ஜிபியோடு நிறுத்திக்கொண்டு, எக்ஸ்எம்எஸ்ஸையும் (தொடக்க ஹீப் அளவு) அதே அளவுக்கு வையுங்கள்.

கேள்வி (சேதராப்பட்டு): எங்களிடம் 64 ஜிபி இருக்கு. ஹீப் 34 ஜிபி தாராளமா வைக்கலாமா?

பதில்: வேண்டாம். 32 ஜிபிக்குக் கீழே ஜாவா ஆப்ஜெக்ட் முகவரியை 4 பைட்டில் அடக்கும். தாண்டினால் 8 பைட். 34 ஜிபியில் 31 ஜிபி பிடிக்கிற சரக்குகூடப் பிடிக்காமல் போகலாம். 31-க்கு மேல் தேவையென்றால் இரண்டு இன்ஸ்டன்ஸ் (தனித்தனி ஜாவா ப்ராசஸ்) ஓட்டுங்கள்.

கேள்வி (கடலூர் முதுநகர்): அண்ணா, 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' வந்துச்சு. வரம்புகளை வைக்கிற லிமிட்ஸ் கான்ஃப் ஃபைல்ல 65535 போட்டேன். கையால ஸ்டார்ட் பண்ணா ஓடுது. மழையில கரண்ட் போய் வந்து சர்வர் தானா எழுந்தா மறுபடி அதே எரர்.

பதில்: தம்பி, அந்த ஃபைல் லாகின் செய்து ஓட்டுவதற்குத்தான் பொருந்தும். சர்வர் பூட் ஆகும்போது சர்வீஸைக் கிளப்புவது சிஸ்டம்டி என்ற லினக்ஸ் சர்வீஸ் மேலாளர். அது இதைத் திரும்பியும் பார்க்காது. யூனிட் ஃபைலில் சர்வீஸ் பகுதியில் லிமிட்நோஃபைல் 65535 என்று போட்டு, டீமன் ரீலோட், அப்புறம் ரீஸ்டார்ட். ஃபைலில் எழுதியதை நம்பாதீர்கள். ப்ராக் டைரக்டரியில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள் இருக்கும் லிமிட்ஸ் சொல்வதுதான் நிஜம். சிஸ்கண்ட்ரோல் (கர்னல் செட்டிங்) மதிப்புகளும் கமாண்டில் மட்டும் கொடுத்திருந்தால் ரீபூட்டோடு போச்சு, சிஸ்கண்ட்ரோல் டி டைரக்டரியில் எழுதி வையுங்கள். நம்ம ஊர் கரண்டுக்கு இது ரொம்ப அவசியம்.

கனெக்ஷனும் ஒரு திறந்த ஃபைலாகவே எண்ணப்படும். இவ்வளவு செய்தும் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் லிமிட்டைக் கூட்டிப் பயனில்லை. க்ளோஸ்வெயிட் (எதிர்முனை மூடியும் நம் பக்கம் மூடாத கனெக்ஷன்) குவிகிறதா பாருங்கள். குவிந்தால் உங்கள் புரோகிராம் கனெக்ஷனை மூடவில்லை.

கேள்வி (நெல்லிக்குப்பம்): லோடு ஏறினா பேக்எண்டுக்கு (பின்னாலிருக்கிற சர்வருக்கு) கனெக்ட் ஆகும்போது 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்'. ஹீப் பாதிதான் நிரம்பியிருக்கு.

பதில்: ஹீப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, போர்ட் தீர்ந்துவிட்டது. லினக்ஸ் டீஃபால்ட்டில் வெளியே போகும் போர்ட் 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232. நாம் மூடிய கனெக்ஷன் டைம்வெயிட் என்ற காத்திருப்பு நிலையில் 60 விநாடி கிடக்கும். ஆக ஒரே பேக்எண்ட் ஐபி, ஒரே போர்ட் என்றால் விநாடிக்கு சுமார் 470 புதுக் கனெக்ஷன்தான். ரேஞ்சை 10000-லிருந்து தொடங்கினால் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். உங்கள் சர்வர் கேட்கும் போர்ட்டுகள் அதற்குள் விழுந்தால் ரிசர்வ் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரீஸ்டார்ட்டில் வேறு கனெக்ஷன் அதில் உட்கார்ந்திருக்கும். சரியான மருந்து, திறந்த கனெக்ஷனையே மறுபடி பயன்படுத்தும் கீப்அலைவும் கனெக்ஷன் பூலும்.

டைம்வெயிட்டைச் சீக்கிரம் முடிக்கும் டிடபிள்யூ ரீசைக்கிள் என்ற செட்டிங்கை மட்டும் தொடாதீர்கள். நேட்டுக்கு (பலர் ஒரே ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கும் பயனர்களின் கனெக்ஷனை அறுத்துவிடும், கர்னல் 4.12-இல் அதைத் தூக்கியே விட்டார்கள். பழைய டியூனிங் பட்டியல்களில் இன்னும் காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது.

கேள்வி (வில்லியனூர்): எந்த ஜிசி (வேண்டாத ஆப்ஜெக்ட்டைக் கழிக்கிற கார்பேஜ் கலெக்டர்) வைக்கலாம் சார்? கன்டெய்னர்ல ஓடுது, ஜாவா 17.

பதில்: ஜாவா 9-லிருந்து ஜி1தான் டீஃபால்ட், அதுவே போதும். ஆனால் கன்டெய்னருக்கு ஒரே சிபியு கொடுத்தால் ஜாவா சத்தமில்லாமல் ஒற்றை த்ரெட்டில் ஓடும் சீரியல் ஜிசிக்குப் போய்விடும். ஹீப்பும் குறிப்பிடாவிட்டால் கன்டெய்னர் மெமரியில் 25 சதவீதம்தான் எடுக்கும். மேக்ஸ்ரேம்பர்சன்டேஜ் (மெமரியில் ஹீப்பின் சதவீத உச்சவரம்பு) 60 வைத்து, ஜிசி லாக் திறந்து, ஒரு வாரம் ஓடவிட்டு எண்களை அனுப்புங்கள், பார்க்கலாம்.