படம் முடிந்துவிட்டது, யாரிடம் கொடுப்பது?

கேள்வி: நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து 18 லட்சம் ரூபாய் செலவில் ஒரு படத்தை எடுத்து முடித்திருக்கிறோம். புகைப்படக் கேமராவின் வீடியோ வசதியைக் கொண்டே முழுப் படத்தையும் எடுத்தோம். சென்னையில் ஒரு விநியோகஸ்தர் படத்தைப் பார்த்தார். நாற்பது அரங்குகளில் வெளியிட்டுத் தருவதாகவும், அதற்கு எல்லா உரிமைகளையும் அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்து, விளம்பரத்துக்கு ஆறு லட்சம் ரூபாயையும் நாங்களே தர வேண்டும் என்றும் சொல்கிறார். வசூலில் ‘செலவு போக மீதி’ எங்களுக்காம். கையெழுத்துப் போடலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இந்தத் தாளில் போட வேண்டாம்.

நம் ஊரில் ஒரு படம் கைமாறுவது பெரும்பாலும் மூன்று விதங்களில்தான். ஒரு தொகையைக் கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொள்வது அவுட்ரேட். குறைந்தபட்சம் இவ்வளவு என்று முன்பணம் தந்துவிட்டு, அதற்கு மேல் வருவதைப் பங்கிட்டுக்கொள்வது எம்.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மினிமம் கேரண்டி. பணம் எதுவும் போடாமல், அரங்குகளைப் பிடித்துக் கொடுத்து, அரங்கக்காரரின் பங்கு போக வரும் ஷேரில் ஒரு சதவீதத்தை எடுத்துக்கொள்வது கமிஷன். முதல் இரண்டிலும் விநியோகஸ்தர் தம் பணத்தைப் பணயம் வைக்கிறார் என்பதால், உரிமையைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உங்களிடம் வந்திருப்பவரோ ஒரு ரூபாய்கூடப் போடாத கமிஷன்காரர். விளம்பரச் செலவும் நஷ்டமும் உங்கள் தலையில் விழும்போது, தொலைக்காட்சி, ஓ.டி.டி., மொழிமாற்றம், மறு உருவாக்கம் ஆகிய உரிமைகளை அவர் பெயருக்கு ஏன் எழுதித் தர வேண்டும்? அவருக்குத் தேவைப்படுவது திரையரங்க உரிமை ஒன்றுதான். அதையும் முழுத் தமிழ்நாட்டுக்கும் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சென்னை, செங்கல்பட்டு, வட தென் ஆற்காடு, சேலம், கோவை, மதுரை ராமநாதபுரம், திருச்சி தஞ்சாவூர், நெல்லை கன்னியாகுமரி என்று ஏரியா பிரித்து வியாபாரம் செய்வதே இந்தத் தொழிலின் பழைய வழக்கம். கதை எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த ஏரியாவை மட்டும் முதலில் கொடுத்துப் பார்க்கலாம்.

‘செலவு போக மீதி’ என்ற மூன்று சொற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வரி போக நூறு ரூபாய் வசூலாகிறது என்று வைத்துக்கொள்வோம். அரங்கக்காரர் பாதியை எடுத்துக்கொண்டால் ஷேராக வருவது ஐம்பது. அதில் பத்து சதவீதம் கமிஷன் என்றால் நாற்பத்தைந்து மிஞ்சும். அதிலிருந்துதான் கியூப், யு.எஃப்.ஓ. போன்ற டிஜிட்டல் நிறுவனங்களுக்குக் கட்ட வேண்டிய கட்டணம், போஸ்டர் அச்சு, ஒட்டுக்கூலி, அரங்குக்குப் போய்வரும் ஆளின் படி எல்லாம் கழியும். இதில் டிஜிட்டல் கட்டணம் லேசான விஷயமில்லை. 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஒன்றரை மாதம் தமிழில் புதுப்படமே வெளிவராமல் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு முதன்மைக் காரணம் அதுதான். நான் முதன்முதலில் வாங்கிய கணக்குத் தாளின் அடியில் ‘இதரச் செலவு’ என்று ஒரே வரி இருந்தது. எங்களுக்கு வரவேண்டிய தொகையும் அந்த வரியில் இருந்த தொகையும் ரூபாய் சுத்தமாக ஒன்றாக இருந்தன. அன்று முதல், எந்தெந்தச் செலவைக் கழிக்கலாம், மொத்தத்தில் எவ்வளவுக்கு மேல் கழிக்கக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டா என்ற மூன்றும் எழுத்தில் இல்லாத தாளை நான் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம். அரங்குவாரியாக டி.சி.ஆர். எனப்படும் அன்றாட வசூல் விவரம் உங்களுக்கே நேராக வர வேண்டும் என்பதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

நாற்பது அரங்குகள் என்பதும் கேட்க இனிக்கும் எண்ணிக்கை, அவ்வளவே. முகம் தெரியாத நடிகர்களின் படத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் பகல் பதினொன்றரை மணிக்கு ஒரு காட்சி. வெள்ளிக்கிழமை பதினைந்து பேர் வந்தால் திங்கட்கிழமை அந்தக் காட்சியும் வேறு படத்துக்குப் போய்விடும். ஆறு லட்சத்தை நாற்பது இடங்களில் தூவுவதைவிட, எட்டு அரங்குகளில் மாலைக் காட்சியைக் கேட்டு வாங்கி, அந்த எட்டு ஊர்களில் மட்டும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வது உங்கள் அளவுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

சட்டத்திலும் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்று ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். பெற்றவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதப்படாதவரை, அது காலாவதியாகும். இந்தப் பாதுகாப்பை முறியடிக்கத்தான் ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்ற சொற்கள் அச்சிட்ட படிவத்தில் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். அவற்றை அடித்துவிட்டு ‘தமிழ்நாடு, திரையரங்கு மட்டும், ஓராண்டு’ என்று பேனாவால் எழுதி, இரு தரப்பும் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டாலே போதும்.

நீங்கள் விற்க இருப்பது அந்த வீடியோக் கோப்பை அல்ல, உரிமையை. ஆகவே நண்பர்கள் ஏழு பேருக்குள் யார் பெயரில் படம் இருக்கிறது என்பதற்கும், இசையமைப்பாளரும் கதாசிரியரும் எழுதிக் கொடுத்ததற்கும் தாள்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நட்புக்காக வாசித்துக் கொடுத்த ஒரு பின்னணி இசைத் துண்டுக்கு எழுத்து இல்லாததால் விற்பனை நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: வினாடிக்கு 25 பிரேம் வேகத்தில் எடுத்த வீடியோ திரையரங்கில் ஓடுமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: ஓடும்படி செய்யலாம். அரங்குக்குப் போவது டி.சி.பி. என்ற கோப்புத் தொகுப்பு. எல்லா அரங்குகளிலும் சிக்கலின்றி ஓடுவது 24 பிரேம். 25ஐ 24 ஆக்கினால் 96 நிமிடப் படம் 100 நிமிடமாக நீளும், குரலும் சற்றுக் கனத்துவிடும். ஒலியின் சுருதியைத் தனியாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். பழைய வகை வீடியோக் கேமராவில், ஒவ்வொரு பிரேமின் வரிகளையும் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தடவையில் பதியும் இன்டர்லேஸ் முறையில் எடுத்திருந்தால், கணினியில் கண்ணுக்குப் படாத குறை முப்பதடித் திரையில் தெரியும்: பாத்திரம் கையை வீசும்போது விரல் ஓரங்களில் சீப்பின் பற்களைப் போலக் கோடுகள் நிற்கும். கைப்பேசியில் எடுத்ததாக இருந்தால் பிரேம் வேகம் சீராக இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் பத்தாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்றாகிவிடும். ஸ்டீரியோ ஒலியோடு போகாமல், வசனம் நடு ஒலிபெருக்கியில் வருமாறு, ஒலியை ஆறு தனித் தடங்களாகப் பிரிக்கும் 5.1 கலவை செய்துகொள்ளுங்கள். பார்வையாளர்கள் படத்தின் மங்கலைப் பொறுப்பார்கள், வசனம் புரியாததைப் பொறுக்க மாட்டார்கள்.

கேள்வி: ஓ.டி.டி.யில் மட்டும் வெளியிடுவதற்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையா? விருது வாங்கினால் அவர்களே தேடி வருவார்களா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சட்டப்படி தேவையில்லை, 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தத் தளங்கள் தாமே வயது வகையைக் குறிக்கின்றன. ஆனால் அரங்குக்கும் தொலைக்காட்சிக்கும் சான்றிதழ் வேண்டும். இப்போது யு/ஏ என்பது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ‘ஏ’ கிடைத்தால் அந்த வடிவத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது என்பதால், இரண்டு வசைச் சொற்களுக்காகச் சாட்டிலைட் உரிமையை இழக்க வேண்டுமா என்பதைப் படத்தொகுப்பிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

விருதைப் பொறுத்தவரை, 2021இல் ராட்டர்டாம் விழாவில் முதன்மையான டைகர் விருதைப் பெற்ற ‘கூழாங்கல்’ ஓ.டி.டி.யில் வந்தது 2023 அக்டோபரில். விருது கதவைத் திறக்கும், ஆனால் உடனே திறக்காது. கோவாவில் ஒவ்வொரு நவம்பரிலும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் வேவ்ஸ் ஃபிலிம் பஜார் சந்தையில் படத்தைப் பதிவு செய்தால், விழாத் தேர்வாளர்களும் வாங்குபவர்களும் ஒரே இடத்தில் பார்க்க வாய்ப்புண்டு. அதுவரை முழுப் படத்தையும் யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். பல விழாக்கள் அதைக் காரணம் காட்டியே நிராகரிக்கும்.

கேள்வி: படத்தில் ஒரு காளை நாற்பது வினாடி வருகிறது. இதற்கும் அனுமதியா?
– ஒரு வாசகர், அலங்காநல்லூர்

பதில்: ஆம். விலங்கு நல வாரியத்தின் தடையின்மைச் சான்று இல்லாவிட்டால் தணிக்கையில் உங்கள் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். காளையை நடிக்க வைத்திருந்தால் அனுமதி படப்பிடிப்புக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். முன்பு சென்னையில் இருந்த வாரிய அலுவலகம் இப்போது அரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது. வெளியீட்டுத் தேதியை அறிவிப்பதற்கு முன் அந்தச் சான்றைக் கையில் வாங்கிவிடுங்கள். முடியாதென்றால் காளை இல்லாமல் அந்தக் காட்சியை வெட்டிப் பாருங்கள்.