கேள்வி-பதில்: கடை வெப்சைட்டுக்கு எந்த லினக்ஸ்?

கேள்வி (கம்பம்): ஏலக்காய், மிளகு, கிராம்பு எல்லாம் வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் தளம் வழியாக விற்கிறோம். தளம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கிறது. 2 ஜிபி மெமரி உள்ள விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்), அதில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ். இதுவரை நின்றதில்லை. மூன்று வருஷத்துக்கு மொத்தமாகப் புதுப்பித்தால் பாதி விலை என்கிறார் ஹோஸ்டிங்காரர். எடுக்கலாமா? மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எதற்கு மாறுவது?

பதில்: எடுக்காதீர்கள். சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வெளியாகும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அந்தத் திட்டத்திலிருந்து பேட்ச் (திருத்தம்) வராது. 'யம் அப்டேட்' என்ற அப்டேட் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். மிரர் (அப்டேட் இறங்கும் நகல் தளங்கள்) பட்டியல் கிடைக்கவில்லை என்ற பிழைதான் வரும். அதோடு வந்த குறியாக்க மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2-க்கு, பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையிலான இன்றைய பாதுகாப்பு முறையான டிஎல்எஸ் 1.3 தெரியாது. அதோடு வந்த பிஎச்பி 5.4-ஐ (பிஎச்பி என்பது வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) இன்றைய வேர்ட்பிரஸ் ஏற்காது. உங்கள் தளம் ஓடுகிறது என்றால் யாரோ வெளியிலிருந்து வேறு பிஎச்பி போட்டிருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது, இன்னும் அப்டேட் வருகிறதா என்று விசாரியுங்கள். வாடிக்கையாளரின் முகவரியும் போன் எண்ணும் இருக்கும் சர்வரை இப்படி மூன்று வருஷம் விட்டுவைப்பது தவறு.

எதற்கு மாறுவது என்றால், முதலில் ஆதரவு முடியும் தேதியைப் பாருங்கள். டெபியன் 13 2025 ஆகஸ்டில் வந்தது. மூன்று வருஷம் முழு ஆதரவு, பிறகு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) குழு 2030 ஜூன் வரை பார்த்துக்கொள்ளும். உபுண்டு 24.04 எல்டிஎஸ்ஸுக்கு 2029 வரை. அல்மாலினக்ஸ் 9, ராக்கி லினக்ஸ் 9 இரண்டுக்கும் 2032 மே வரை. ஃபெடோரா ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதம்தான் தாங்கும். எல்டிஎஸ் என்று போடாத உபுண்டுவுக்கு 9 மாதம்தான். கடை சர்வருக்கு இந்தக் கடைசி இரண்டும் வேண்டாம்.

உங்களுக்கு எங்கள் சிபாரிசு டெபியன் 13. பிஎச்பி 8.4, மரியாடிபி (டேட்டாபேஸ்), எஞ்சின்எக்ஸ் (வெப் சர்வர்) மூன்றும் அதன் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலேயே உள்ளன. வெளியே கை நீட்ட வேண்டியதில்லை. உங்கள் பிளக்கின்கள் 8.4-ஐ ஏற்குமா என்று மட்டும் முன்கூட்டியே சோதியுங்கள். ஏற்காவிட்டால் பிஎச்பி 8.3 உள்ள உபுண்டு 24.04-க்குப் போகலாம். ஆனால் உபுண்டுவில் ஒன்று கவனிக்க வேண்டும்: ஐந்து வருஷ உறுதி களஞ்சியத்தின் 'மெயின்' பகுதிக்குத்தான். மரியாடிபி இருப்பது 'யூனிவர்ஸ்' பகுதியில். அதற்கும் அந்த உறுதி வேண்டுமென்றால் உபுண்டு புரோ சந்தாவில் பதிய வேண்டும். 5 கணினிகள் வரை இலவசம். இல்லையேல் மெயினில் இருக்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைப் போட்டுக்கொள்ளலாம்.

சிபேனல் (பிரவுசரிலிருந்தே சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்) வேண்டும் என்று உங்கள் டெவலப்பர் சொன்னால் கதை மாறும். டெபியனில் சிபேனல் ஓடாது, அல்மாலினக்ஸ் எடுங்கள். சிபேனல் இல்லாமல் வெறும் அல்மா எடுப்பவர்கள், எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எப்படி மாட்டும் தெரியுமா? படங்களை ஹோம் ஃபோல்டரில் ஏற்றி, அங்கிருந்து தள ஃபோல்டருக்கு 'எம்வி' போட்டு நகர்த்துவார்கள். பர்மிஷன் 644 (யாரும் படிக்கலாம்), எல்லாம் சரி. ஆனாலும் பிரவுசரில் 403 (அனுமதி இல்லை). கோப்பு பழைய ஃபோல்டரின் எஸ்இலினக்ஸ் முத்திரையோடே வந்துவிட்டதுதான் காரணம். 'ரீஸ்டோர்கான்' கட்டளையை அந்த ஃபோல்டர் மீது ஓட்டினால் சரியாகும். பேமெண்ட் கேட்வேயோடு தளம் பேச முடியாமல் போவதும் இதே வகை: வெப் சர்வர் வெளியே இணைவதற்கான சுவிட்ச் அணைந்திருக்கும். அதை மட்டும் போட்டுவிட்டால் போதும். பலர் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுகிறார்கள். அப்படி அணைப்பதற்கு டெபியனையே எடுத்திருக்கலாம்.

மாற்றும்போது பழைய சர்வரின் மேலேயே புதுசைப் போடாதீர்கள். மாத வாடகையில் இன்னொரு விபிஎஸ் எடுங்கள். கேவிஎம் வகைதானா என்று கேளுங்கள், அதில் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) உங்களுடையது. பழைய ஓபன்விஇசட் வகையில் கெர்னல் அவர்களுடையது, புதிய டெபியன் அதில் கிளம்பாமல் போகலாம். சுவாப் (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) இல்லாமல் கொடுத்தால் 2 ஜிபி அளவில் ஒரு சுவாப் கோப்பு நீங்களே உருவாக்குங்கள். ஓணம், தீபாவளி கூட்டத்தில் மெமரி தீர்ந்தால் கெர்னல் பெரும்பாலும் டேட்டாபேஸைத்தான் கொல்லும். வேர்ட்பிரஸ் 'டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எரர்' காட்டும், பழி லினக்ஸ் மேல் விழும்.

டேட்டாபேஸை எடுக்கும்போதும் ஏற்றும்போதும் கேரக்டர் செட்டை (எழுத்துக் குறியீட்டை) 'யுடிஎஃப்8எம்பி4' என்று குறிப்பிடுங்கள். பழைய மரியாடிபி 5.5-இன் இயல்பான அமைப்பு, தமிழ் எழுத்துகள் இல்லாத லத்தீன்1. அதைக் கவனிக்காமல் விட்டால் தமிழும் மலையாளமும் கேள்விக்குறியாக வந்து நிற்கும். கேள்விக்குறியாகிப்போன எழுத்தை அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. பழைய சர்வரிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

டொமைனைத் திருப்புவதற்கு முந்தைய நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (டொமைனின் ஐபியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய ஐபியைப் போட்டு (அப்போது உங்கள் கணினிக்கு மட்டும் புதிய சர்வர் தெரியும்), சோதனை ஆர்டர் ஒன்று பணம் கட்டும்வரை போய்ப் பாருங்கள். பிறகு ஆர்டரை ஒரு மணி நேரம் நிறுத்தி, கடைசி நகலை ஏற்றித் திருப்புங்கள். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தொடாதீர்கள், மெயில் நின்றுவிடும். பழைய சர்வர் இரண்டு வாரம் இருக்கட்டும்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): கேரளப் பள்ளிகளில் ஓடும் கைட் லினக்ஸ் என் தங்கைக்கு நன்றாகத் தெரியும். அதையே சர்வரில் போடலாமா?

பதில்: வேண்டாம். அது உபுண்டுவின் மேல் வகுப்பறைக்காகக் கட்டியது. டெஸ்க்டாப்பும் பாட மென்பொருளும் சர்வரில் மெமரியைத் தின்னும், அப்டேட் பண்ண வேண்டிய பொருளும் கூடும். ஆனால் தங்கையின் பழக்கம் வீணாகாது. மென்பொருள் நிறுவும் அதே 'ஆப்ட்' கட்டளைகள்தான் உபுண்டு சர்வரிலும் டெபியனிலும். சர்வரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்குக் கை வந்தது எதுவோ அதற்குத்தான் முதல் மதிப்பெண். உபுண்டு 24.04 சர்வர் பதிப்பை எடுங்கள்.

கேள்வி (நகரி): எங்கள் சேலைக்கடைத் தளம் டெபியன் 12-இல் ஓடுகிறது. ஒருவர் ஸ்கேன் செய்து, அப்பாச்சி (வெப் சர்வர்) பழைய வெர்ஷன், பத்துக்கு மேல் ஓட்டை என்று ரிப்போர்ட் கொடுத்து, புதுசு போட்டுத் தரக் காசு கேட்கிறார்.

பதில்: கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள். டெபியன் ஒரு பதிப்புக்குள் மென்பொருளைப் பெரும்பாலும் மாற்றாது. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்து இருக்கும் பதிப்பிலேயே தைக்கும். பல மென்பொருள்களில் முன்னால் உள்ள எண் அப்படியே இருக்கும், பின்னால் 'டெப்12யு1', 'டெப்12யு2' என்று வால் நீளும். அப்பாச்சி போன்ற சிலவற்றுக்கு முன் எண்ணும் அவ்வப்போது ஏறும். முன் எண்ணை மட்டும் படிக்கும் ஸ்கேனர், ஏற்கெனவே தைத்ததையும் ஓட்டை என்று எழுதிவிடலாம். ரிப்போர்ட்டில் உள்ள சிவிஇ எண்களை, அதாவது ஓட்டைகளின் அடையாள எண்களை, டெபியன் செக்யூரிட்டி டிராக்கர் தளத்தில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். 'ஃபிக்ஸ்டு' என்று எந்த வெர்ஷனுக்கு எதிரே இருக்கிறதோ, அதை உங்கள் சர்வரில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். உங்களுடையது பின்தங்கியிருந்தால் ஆப்ட் அப்டேட், அப்கிரேட் போதும். அவர் சோர்ஸிலிருந்து அப்பாச்சி கட்டிப் போட்டால் இன்றைக்கு எண் புதுசாகத் தெரியும். நாளை முதல் தானியங்கி அப்டேட் அதைத் தொடாது.

கேள்வி (செங்கோட்டை): 'ஓஎஸ் லைசென்ஸ், உபுண்டு' என்று பில்லில் தனித் தொகை போட்டிருக்கிறார்கள். முறையா?

பதில்: உபுண்டு, டெபியன், அல்மா, ராக்கி எதற்கும் லைசென்ஸ் கட்டணம் கிடையாது. நிறுவித் தந்த கூலி என்றால் கூலி என்றே எழுதச் சொல்லுங்கள். விண்டோஸ் சர்வருக்கும் சிபேனலுக்கும் உரிமத் தொகை உண்மையிலேயே உண்டு. உபுண்டு புரோவைக் காசு கொடுத்து வாங்கித் தந்தார்கள் என்றால் சப்ஸ்கிரிப்ஷன் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். விலை பேசும்போது 18% ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, அடுத்த வருஷப் புதுப்பிப்பு விலை என்ன, பேனலிலிருந்து ஓஎஸ்ஸை நீங்களே மறுபடி போட முடியுமா, ஃபயர்வாலில் தவறிப் பூட்டிக்கொண்டால் நுழைய விஎன்சி கன்சோல் (சர்வரின் திரையை நேரடியாகக் காட்டும் வழி) உண்டா என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.