வராத நான்காவது வாரம் – கடிதம்

வணக்கம்.

நான் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். நண்பரின் மகனுக்கு 15 வயது. பாதி நாள் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டில் பணம் எடுக்கிறான், இரண்டு முறை அடிதடியில் மாட்டிக்கொண்டான். “நீ சொன்னா கேப்பான்” என்று நண்பர் என்னிடம் விட்டார். சனிக்கிழமை நான்கு மணிக்கு வரச் சொன்னேன். மூன்று வாரம் வந்தான். ஒரு முக்காலி செய்யத் தொடங்கினோம். ஒவ்வொரு முறையும் என்னால் முடிந்தவரை எடுத்துச் சொன்னேன், தலையாட்டினான். நான்காவது வாரம் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. விட்டுவிடலாமா? இல்லை, துணைக்கு ஆள் இருந்தால் வருவானோ என்று அவனைப் போன்ற இன்னும் இரண்டு பையன்களைச் சேர்க்கலாமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தன்னைக் கைகழுவுவதைப் பார்த்துப் பழகிய பையன் இப்படித்தான் ஒருநாள் நின்றுவிடுவான். நீங்களும் எப்போது கைகழுவுவீர்கள் என்று அறிய அவனுக்குத் தெரிந்த வழி அது. யோசித்துச் செய்கிறான் என்று நினைக்க வேண்டாம், அவனுக்கே அது பிடிபட்டிருக்காது.

ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: “இன்னிக்கு நாலு மணிக்கு உனக்காக இருந்தேன். அடுத்த சனிக்கிழமையும் இருப்பேன்.” ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், அப்பாவிடம் சொல்லியும் அனுப்பாதீர்கள். அடுத்த வாரமும் வராவிட்டால் அதே செய்திதான். வந்து நிற்கும் நாளில் விசாரணை வேண்டாம், நேராக வேலையை எடுத்துக் கையில் கொடுங்கள்.

ஆனால் அதற்கு முன், வாரம் இரண்டு மணி நேரமாக ஒரு வருடம் தர உங்களால் முடியுமா என்று தீர்மானியுங்கள். அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் வழியாக வழிகாட்டி தேடிய 10 முதல் 16 வயதுப் பிள்ளைகள் 959 பேரை 18 மாதம் பின்தொடர்ந்த ஆய்வு 1995-இல் வந்தது. வழிகாட்டி கிடைத்தவர்களிடம் போதையைத் தொடங்குவதும் அடிப்பதும் பள்ளிக்கு மட்டம் போடுவதும் குறைந்திருந்தன. அதே தரவை ஆய்வாளர்கள் கிராஸ்மனும் ரோட்ஸும் 2002-இல் மறுபடி அலசினார்கள். வழிகாட்டியுடன் உறவு ஒரு வருடம் தாண்டியவர்களுக்குத்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் உறவு அறுந்த பிள்ளைகளின் தன்மதிப்போ முன்பைவிடக் கீழே போயிருந்தது. அதனால் ஒரு வருடம் முடியாதென்றால் இப்போதே நேரில் சொல்லிவிடுங்கள். காரணம் உங்கள் நேரம், அவன் நடத்தை இல்லை என்பது அவனுக்குப் புரிய வேண்டும்.

முடியும் என்றால், முதல் எட்டு வாரம் அறிவுரையே வேண்டாம். இதைச் சொன்னால் பலர் ஏற்பதில்லை. நீங்கள் சொல்லப்போவதை அவன் ஏற்கெனவே வீட்டிலும் பள்ளியிலும் நூறு முறை கேட்டுவிட்டான். தலையாட்டுவது பேச்சைச் சீக்கிரம் முடிக்க அவன் கற்ற உபாயம். எதிரே உட்கார வைத்துப் பேசாதீர்கள். பக்கத்தில் நின்று, இருவர் கண்ணும் மரத்தின் மேல் இருக்கும்போது அவன் வாய் தானாகத் திறக்கும். இரண்டு மணி நேரத்தில் அது பத்து நிமிடம் நடந்தாலே நல்ல நாள்.

பட்டறை உங்களுக்குப் பெரிய வசதி. அன்றைக்கே முடியும் வேலையாகக் கொடுங்கள்: முக்காலியின் ஒரு காலை 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 120, 220 என்று தேய்த்து முடிப்பது போல. அவன் செய்த கோணலை அவன் போனபின் நீங்கள் திருத்தாதீர்கள், அடுத்த வாரம் தடவிப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவான், உங்கள் பாராட்டை அதன்பின் நம்பமாட்டான். “நல்ல பையன்” என்ற சொல்லும் அவனிடம் ஒட்டாது. “மர ரேகையை ஒட்டியே தேய்ச்சிருக்க, கீறல் விழலை” என்றால் மறுக்க முடியாது, கண்முன்னே இருக்கிறதே.

நண்பரிடமும் ஒரு ஒப்பந்தம் வேண்டும், மூவரும் சேர்ந்து நிற்கும்போதே. வந்தானா இல்லையா என்பது மட்டும் அப்பாவுக்குத் தெரியும். அவன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, யாராவது அவனைத் துன்புறுத்துவது, இவற்றை மட்டும் உரியவரிடம் சொல்வீர்கள், அதுவும் முதலில் அவனிடம் சொல்லிவிட்டு. வீட்டில் துன்புறுத்துபவரே இருந்தால் அந்த உரியவர் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அவன் இருக்கும் நேரம் பட்டறைக் கதவு திறந்தே இருக்கட்டும். அவனுக்கும் உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது, நான்காவது மாதத்தில் ஏதாவது நடக்கும். உங்கள் உளி காணாமல் போகலாம், மறுபடி ஒரு அடிதடி வரலாம். அன்றே, தனியாக, நாலே வாக்கியத்தில் பேசி முடியுங்கள். உளி போனால் அதன் விலைக்கு எத்தனை மணி நேர வேலை என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பழைய தப்புகளை இதோடு சேர்க்காதீர்கள். “ஏன் செஞ்சே?” என்று கேட்டால் சாக்குதான் வரும். “அதுக்கு முன்னாடி என்ன நடந்தது? அப்ப கூட யார் இருந்தாங்க?” என்று கேளுங்கள்.

கூட யார் என்பது இந்த வயதில் மிகப் பெரிய கேள்வி. உளவியல் ஆய்வாளர்கள் கார்ட்னரும் ஸ்டெய்ன்பெர்க்கும் 2005-இல் ஒரு கார் ஓட்டும் விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதினர் நண்பர்கள் அருகில் இருந்தபோது தனியாக ஆடியதைவிட மிக அதிக ஆபத்துகளை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. நண்பர்களைத் தடை செய்தால் மறைவாகப் போவான். கூட்டத்திலிருந்து முகம் கெடாமல் நழுவ ஒரு சாக்கைத் தயார் செய்து கொடுங்கள்: “பட்டறைல ஆர்டர் இருக்கு, போகலன்னா திட்டுவார்.” பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளட்டும்.

இதனால்தான் அந்த இரண்டு பையன்கள் வேண்டாம் என்கிறேன். 1939-இல் அமெரிக்காவில் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சோமர்வில் திட்டத்தில் 506 சிறுவர்கள் இருந்தார்கள், பாதிப் பேருக்கு ஆண்டுக்கணக்கில் வழிகாட்டுதல் கிடைத்தது. குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் பிற்காலத்தில் அவர்களைத் தேடிப் பார்த்தபோது உதவி பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. அவர்களிலும் கோடை முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் சேர்த்து அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம் கெட்டிருந்தார்கள். தகராறு செய்யும் பையன்கள் ஒன்றுகூடினால் அடிதடிக் கதைக்குச் சிரிப்பு கிடைக்கும், சிரிப்பு கிடைத்தது மறுபடி நடக்கும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஒழுங்காக வேலை செய்யும் மூத்த தொழிலாளி ஒருவர் போதும்.

உங்களால் ஆகாததும் உண்டு. தூக்கம் குலைவது, பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, சாவைப் பற்றிப் பேசுவது, இவற்றைக் கண்டால் “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிச்செல்லுங்கள்.

பந்தயமோ தேர்வோ இருப்பதால் இந்த வாரம் முடியாது என்று அவனே முன்கூட்டிச் சொல்லும் நாள் வந்தால் சந்தோஷப்படுங்கள். அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று இடைவெளி விடலாம். தேதியை இருவரும் சேர்ந்தே குறியுங்கள்.

அதுவரை அந்த முக்காலியை அப்படியே வைத்திருங்கள். வேறு யாரும் அதை முடித்துவிட வேண்டாம்.