தடுப்பைக் கழற்றியது யார்?

கேள்வி: கப்பலூரில் 24 பேர் வேலை செய்யும் எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் என் கணவர் (வயது 35) பவர் பிரஸ் (தகட்டை அடித்து வடிவமாக்கும் மெஷின்) ஓட்டுகிறார். ஓவர்டைம் நீங்கலாக மாதச் சம்பளம் 23,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் மெஷின் தானாக இரண்டாம் அடி அடித்ததில் வலது கை ஆள்காட்டி விரல் முழுவதும் போய்விட்டது. “மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றியது நீதான், உன் கவனக்குறைவு” என்கிறார் முதலாளி. ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார். இப்போது 40,000 ரூபாயை வாங்கிக்கொண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார். அதே மெஷினில் இப்போது என் தம்பி நிற்கிறான். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: சகோதரி, பணத்துக்கு முன்னால் தம்பியின் கை. ஒருமுறை தானாக அடித்த பிரஸ் மறுபடியும் அடிக்கும். அடியைத் தொடக்கி நிறுத்தும் கிளட்ச் சாவி தேய்ந்திருந்தால், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் டை (மேல் அச்சு) இறங்கும். விபத்துக்குப் பிறகு கையுறை வாங்கிக் கொடுத்து, “கவனமாக வேலை செய்யவும்” என்று பலகை மாட்டுவதைப் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். பிரஸ்ஸுக்குக் கையுறையும் ஒன்றுதான், வெறுங்கையும் ஒன்றுதான். தகடு மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, விரல் நுழையாத நிலையான தடுப்பு வேண்டும். கிளட்சைப் பழுது பார்க்க வேண்டும். அதுவரை அந்த மெஷினை நிறுத்தச் சொல்லித் தம்பி எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளட்டும். மசியவில்லை என்றால், மதுரையிலுள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் புகார் கொடுங்கள். புகார் கொடுத்தவர் யார் என்று ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது.

இனி உங்கள் கணவர் விஷயம். கையெழுத்துப் போடவே வேண்டாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் தாள் சட்டத்தில் செல்லாது. ஆனால் வெற்றுத்தாளில் பிறகு என்ன எழுதுவார்கள் என்பது யாருக்குத் தெரியும்?

2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனாலும் விபத்து அதற்கு முன்பே நடந்ததால் 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டமே இவருக்குப் பொருந்தும். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் ஈ.எஸ்.ஐ. வராது. சட்டம் கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. 35 வயதுக்குச் சட்டம் தரும் காரணி (பெருக்கும் எண்) 197.06. இரண்டையும் பெருக்கி, ஆள்காட்டி விரல் முழு இழப்புக்கு அட்டவணை சொல்லும் 14 சதவீதத்தை எடுத்தால் சுமார் 2,48,295 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவை இதில் கழிக்க முடியாது. ஒரு மாதத்துக்குள் தராததற்கு 12 சதவீத வட்டி உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

கவனக்குறைவு என்ற ஒரு காரணத்தால் மட்டும் இழப்பீடு போய்விடாது. பாதுகாப்புக்கானது என்று தெரிந்தே தொழிலாளி வேண்டுமென்று தடுப்பைக் கழற்றியிருந்தால் இவ்வகைக் காயத்துக்கு இழப்பீட்டை மறுக்கலாம். முதலாளி பிடித்துத் தொங்குவது இதைத்தான். அதை நிரூபிக்க வேண்டியவரும் அவரே. டை மாற்றும்போது தடுப்பைக் கழற்றியது யார்? உற்பத்தி குறைகிறது என்று மறுபடி மாட்ட விடாதது யார்? விபத்தின்போது நடைமுறையிலிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, இயந்திரம் ஓடும்போது தடுப்பு இருந்த இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் பொறுப்பு.

தம்பியிடம் சொல்லி அந்த பிரஸ்ஸில் தடுப்பை மாட்டும் போல்ட் துளைகளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் கெட்டிப்பட்டிருந்தால், தடுப்பு பல மாதங்களாகவே அங்கு இல்லை என்பதற்கு நல்ல சான்று. நான் நடத்திய ஒரு வழக்கில், மூலையில் பழைய தகடுகளுக்கு அடியில் கிடந்த தடுப்பின் படம்தான் வழக்கையே திருப்பியது. மெஷினுக்குப் புதுத் தடுப்பு மாட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

சம்பளச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஊனச் சான்றிதழ், உடன் வேலை செய்தவர்களில் இருவர் பெயர் இவற்றோடு மதுரையில் ஊழியர் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போடுங்கள். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். அதாவது 2027 ஆகஸ்ட். அதுவரை காத்திருக்காமல் இந்த மாதமே போடுங்கள். வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். தொழிலாளி என்ற முறையில், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. தொலைபேசி எண் 15100.